காஞ்சாவுக்குத் தசைன்

பொக்காரா,
நேபாள ஆண்டு 2065, பதௌ 28

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜஸ்மாயாவின் வணக்கம்.

நான் நலம். அங்கே கேழ்வரகுக்குக் களை எடுத்து முடிந்ததா? அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பாவின் காது எப்படி என்று கேட்க மாட்டேன். போன தடவை போனில் தொண்டை கிழிய "அப்பா!" என்று கத்தினேன், நீங்கள் "யாரு, தபால்காரரா?" என்று கேட்டீர்கள். அன்றோடு போனுக்குக் கும்பிடு. இனிக் கடிதம்தான்.

இந்தத் தசைன் பண்டிகைக்கு நான் ஊருக்கு வர முடியாது. கோபப்படுவதற்கு முன் காரணத்தைப் படித்துவிடுங்கள். அடுத்த மாதம், அசோஜ் 23 விஜயதசமி. 25-ஆம் தேதி எனக்குப் பரீட்சை. காத்மாண்டுவிலிருந்து விமானத் துறை அதிகாரி ஒருவர் வந்து, என்னோடும் காஞ்சாவோடும் பறந்து பார்த்து, உரிமம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறார்.

ஏழு வருடமாக நான் செய்யும் வேலையை நீங்கள் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை அப்பா. ஆகவே ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், தாண்டிப் போகாமல் படியுங்கள். சாரங்கோட் மலைச் சரிவில் பாராகிளைடரைக் கட்டிக்கொண்டு ஓடிக் குதிக்கிறோம். எனக்கு முன்னால் ஒரு பயணி தொங்குவார். கூடவே என் கழுகு காஞ்சா பறப்பான். சூடான காற்று எந்த இடத்தில் மேலே ஏறுகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது, கழுகுக்குத் தெரியும். அவன் வட்டம் போடும் இடத்துக்குப் போய் நானும் வட்டம் போடுவேன். இருவரும் ஏறுவோம். உயரம் வந்ததும் நான் விசில் அடிப்பேன். பயணி கையுறை போட்ட கையில் கறித்துண்டை நீட்டுவார். காஞ்சா பின்னாலிருந்து மிதந்து வந்து அந்தக் கையில் இறங்கி, தின்றுவிட்டு, மறுபடி காற்றில் போவான்.

இத்தனை நாளும் உரிமம் வெள்ளைக்கார முதலாளியின் பெயரில் இருந்தது, காகிதத்தில் நான் வெறும் உதவியாள். அவர் தன் நாட்டுக்கே போய்விட்டார். காஞ்சாவையும் இடத்தையும் என்னிடமும் பவித்ரா அக்காவிடமும் விட்டுவிட்டுப் போனார். கறி வெட்டுவது, கூண்டு கழுவுவது, தினமும் காலையில் காஞ்சாவை எடை பார்ப்பது எல்லாம் அக்காவின் பொறுப்பு. அவர் இல்லாவிட்டால் என் வேலை ஒரு நாள் ஓடாது. இந்தப் பரீட்சையில் தேறினால், கழுகோடு பறக்கச் சொந்தப் பெயரில் உரிமம் வாங்கும் முதல் நேபாளி நான். தேறாவிட்டால் காஞ்சா கூண்டோடு சரி. நான் வேறு கம்பெனியில் கூலிக்குப் பறக்க வேண்டியதுதான்.

எனவே நீங்கள் இருவரும் தசைனுக்கு இங்கே வாருங்கள். நெற்றியில் திலகம் உங்கள் கையால் வைத்துக்கொண்டுதான் நான் அந்த மலையேறுவேன்.

உங்கள் மகள்
ஜஸ்மாயா

*

லாம்தூங்,
அசோஜ் 4

மகள் ஜஸ்மாயாவுக்கு ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. தாண்டாமல் படித்தேன். இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை நம்ப முடியாததால்.

பட்டாளத்தில் முப்பது வருடம் இருந்தவன் நான். தசைனுக்கு மகள் தகப்பன் வீட்டுக்கு வருவாள், தகப்பன் மகள் வீட்டுக்கு மூட்டை கட்டிப் போக மாட்டான். அதுவும் எதற்கு? செத்த எருமையைத் தின்கிற பிணந்தின்னிக் கழுகுக்குப் பரீட்சையாம். இங்கே கூரையில் கழுகு இறங்கினால் பூசாரியைக் கூப்பிட்டு வீட்டுக்குத் தீட்டுக் கழிக்கிறோம். நீ அதைக் கையில் இறக்கிக்கொள்கிறாய். போதாததற்குக் கடைக்குட்டிப் பிள்ளைக்கு வைக்கிற பெயரை வைத்து 'காஞ்சா, காஞ்சா' என்று கொஞ்சுகிறாய். எனக்குக் கடைக்குட்டியும் நீதான், மூத்ததும் நீதான். இதற்குமேல் ஒரு வாரிசு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஊரில் யாராவது கேட்டால், நீ பொக்காராவில் வங்கி வேலையில் இருக்கிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோர் பிள்ளையும் எந்தப் பட்டாளத்தில், எந்த நாட்டில் என்று பேசும்போது நான் என்ன சொல்வது? 'என் மகள் கழுகு மேய்க்கிறாள்' என்றா?

இவ்வளவும் எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறாள். "நீங்க வேணும்னா இங்கயே ஒக்காந்து சுவத்துக்குத் திலகம் வச்சுக்குங்க. நான் என் பொண்ணுகிட்டப் போறேன். ஆட்டுக்கெடா ஒண்ண ஓட்டிக்கிட்டுத்தான் போவேன், தடுக்கிற ஆள் தடுக்கட்டும்."

கிடாய் கொழுத்த கிடாய். பஸ்ஸில் அதை அவள் தனியாகச் சமாளிக்க மாட்டாள். ஆகவே நானும் வருகிறேன். 25-ஆம் தேதி காலை பஸ்ஸில் திரும்பிவிடுவோம். மலைக்கெல்லாம் வர மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

நர்ஜங் குருங்
சுபேதார் (ஓய்வு)

*

பொக்காரா,
அசோஜ் 27

அன்புள்ள அப்பா, அம்மா,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் வந்திருந்த நான்கு நாளும் என் அறை வீடாக இருந்தது. அப்பா தயிரில் குழைத்து வைத்த திலகத்தின் அரிசி இன்னும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பரீட்சையில் தோற்றுவிட்டேன்.

அன்று காலை ஆறு மணிக்கு அக்கா எடை பார்த்தபோது காஞ்சா ஆயிரத்து எண்ணூறு கிராம். ஒரு கிராம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மூன்று நாளாக அளந்து அளந்து கொண்டுவந்த எடை அது. பறவை பட்டினியாகவும் இருக்கக் கூடாது, நிறைந்தும் இருக்கக் கூடாது, லேசான பசி இருக்க வேண்டும். அந்தப் பசிதான் அவனை என் விசிலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் கயிறு. வேறு கயிறு கிடையாது. உங்களைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு மலையேறினோம். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

அதிகாரி அர்யால் ஐயா, பூணூல்காரர். "எருமக்கறிய நான் தொட மாட்டேம்மா, கையுறைக்கு மேல கூட. ஆடுன்னா சரி" என்றார். நம் கிடாயின் கறியில் மிச்சம் இருந்தது, அதையே கொடுத்தேன். குதித்தோம். காஞ்சா போன போக்கில் அருமையான காற்றைக் காட்டினான். ஏறினோம். விசில் அடித்தேன். அவர் கையை நீட்டினார்.

காஞ்சா திரும்பிப் பார்த்தான் அப்பா. என்னைப் பார்த்தான், கறியைப் பார்த்தான், ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போனான். மறுபடி விசில். இன்னும் மேலே. இருபது நிமிடம் அந்த மனிதர் காற்றில் கையை நீட்டியபடியே தொங்கினார். கடைசியில், "ஏம்மா, உன் கழுகுக்கு இன்னைக்கு ஏகாதசியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காஞ்சா வடக்கே, மீன்வால் சிகரத்தின் பக்கம், வெள்ளைப் புள்ளியாகி மறைந்தான்.

இரண்டு நாளாகத் தனியாகப் பறந்து தேடுகிறேன். வரவில்லை. வயிறு நிறைந்த பறவை மாதிரிதான் நடந்துகொண்டான். எப்படி என்றுதான் புரியவில்லை.

அர்யால் ஐயா ஒன்றரை மாதம் கழித்து, மங்சிர் 10-ஆம் தேதி வேறு வேலையாகப் பொக்காரா வருகிறார். "அன்னைக்குப் பறவை இருந்தா இன்னொரு தடவ பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார்.

ஜஸ்மாயா

*

லாம்தூங்,
கார்த்திக் 2

மகள் ஜஸ்மாயாவுக்கு,

கடிதம் வந்தது. மனதைத் தளரவிடாதே. தோல்வி எல்லாப் பட்டாளத்துக்கும் வரும்.

சில விவரம் தேவைப்படுகிறது. ஒன்று, அந்தப் பறவை எவ்வளவு தின்றால் திரும்பி வராது? இரண்டு கைப்பிடி என்றால் அதிகமா? ஒருமுறை நிறையத் தின்றால் எத்தனை நாளைக்குப் பசிக்காது? நீ அடிக்கும் விசில் எப்படி, நீளமா குட்டையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. உன் அம்மா நலம். நானும் நலம். தூக்கம்தான் சரியில்லை, வயது காரணமாக இருக்கலாம்.

அப்பா

*

பொக்காரா,
கார்த்திக் 8

அன்புள்ள அப்பா,

இதென்ன திடீர் விசாரணை? ஏழு வருடமாகக் கேட்காத கேள்வியெல்லாம் காஞ்சா போன பிறகு கேட்கிறீர்கள். இரண்டு நீட்டல், ஒரு குறுக்கல், அதுதான் விசில். இரண்டு கைப்பிடி என்பது அவனுக்குக் கல்யாண விருந்து. மூன்று நாளைக்கு என் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டான்.

இன்னொரு செய்தி. எழுதவே வெட்கமாக இருக்கிறது. பவித்ரா அக்கா போய்விட்டார். போகும்படி செய்தவள் நான். கூண்டைச் சுத்தம் செய்தபோது மூலையில் ஈரல் துணுக்கு ஒன்று காய்ந்து கிடந்தது. கறிப்பெட்டியின் சாவி அக்காவிடம். வேறு யார் போட்டிருக்க முடியும்? "பண்டிகைன்னு பாவம் பாத்துப் போட்டீங்களா? ஒத்துக்குங்க" என்று கத்திவிட்டேன். அவர் தராசைத் துடைத்து வைத்தார். "பத்து வருஷமா கறி வெட்டுறேன். ஒரு துண்டு கணக்குத் தப்பினதில்ல. நீ இத என்கிட்டக் கேக்காம இருந்திருக்கலாம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். புருஷன் இல்லாதவர், இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் நான் என்ன செய்யட்டும்? என் ஏழு வருடம் ஒரு துண்டு ஈரலில் போய்விட்டதே.

பயம் வேறு. மாட்டுக்கு வலிக்குப் போடும் அந்த ஊசி மருந்தைத் தடை செய்தாலும் பழைய சீசாக்கள் மலைக்கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. அதைப் போட்டுச் செத்த எருமையைத் தின்றால் கழுகு இரண்டே நாளில் தலை தொங்கிச் சாகும். காஞ்சா மனிதன் கையால் வளர்ந்தவன், எந்தப் பிணம் நல்லது எது கெட்டது என்று அவனுக்கு யார் சொல்வார்கள்?

ஜஸ்மாயா

*

லாம்தூங்,
கார்த்திக் 12

ஜஸ்மாயாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதற்குப் பதில் எழுத ஒரு இரவு ஆனது என்றால், எழுதத் தெரியாமல் அல்ல.

ஈரல் போட்டது நான்.

25-ஆம் தேதி காலை. எடை பார்த்தாகிவிட்டது. நீ குளிக்கப் போனாய், பவித்ரா அம்மாள் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனார். உன் அம்மா பயணத்துக்குக் கறி கட்டிக்கொண்டிருந்தாள். நான் கூண்டுக்கு முன்னால் நின்றேன். விஜயதசமி அன்று நாம் எல்லோரும் வயிறு முட்டத் தின்றோம். அவனுக்கு மட்டும் நீ சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு கொடுத்தாய். அதைத் தின்றுவிட்டு அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, கவனித்தாயா?

எங்கள் பட்டாளத்தில் கோவேறு கழுதைகள் என் பொறுப்பு. தசைன் அன்று ஒவ்வொரு கழுதைக்கும் வெல்லம் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் தட்டில் கை வைப்போம். பண்டிகையில் ஒரே கூரையின் கீழ் ஒரு வாய் பட்டினி கிடந்தால் அந்தச் சோறு சோறில்லை. அப்படியே வளர்ந்துவிட்டேன். பொட்டலத்திலிருந்து ஈரலை எடுத்து இரண்டு கைப்பிடி போட்டேன். தின்றான். நன்றாகத் தின்றான். 'தின்னுடா காஞ்சா' என்று நானே சொன்னேன். ஏழு வருடம் திட்டிய வாய்தான் அதுவும். எடை, பசி, கயிறு, இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ எழுதியிருந்தாலும் தெரிந்திருக்காது.

உன் அசோஜ் 27 கடிதம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கேள்வி கேட்டு மழுப்பினேன். அதனால் ஒரு விதவைப் பெண் பிழைப்பை இழந்தாள். என் கீழே இருந்த சிப்பாய் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை நான் அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் நிறுத்தியிருப்பேன். ஆகவே நானும் நிற்கிறேன். அந்த அதிகாரிக்குத் தனியாக எழுதிவிட்டேன். அதன் நகல் இது:

"கீழே கையொப்பமிட்டுள்ள சுபேதார் நர்ஜங் குருங் ஆகிய நான், பரீட்சை நாளன்று பறவைக்கு உரியவர்களின் அனுமதியின்றித் தீனி கொடுத்தேன். குற்றம் முழுவதும் என்னுடையது. பறவை மீதோ, என் மகள் மீதோ, உதவியாளர் பவித்ரா மீதோ குறை இல்லை. மறு பரீட்சைக்குப் பறவையைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு."

பவித்ரா அம்மாளுக்கும் ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. கொடுக்கும்போது உன் தலையும் குனியட்டும்.

நாளைக் காலை கிளம்புகிறேன். மூங்கில் கூடை, பட்டாளத்துக் கம்பளி, ஆட்டு ஈரல் உலர்த்தியது கொஞ்சம், பித்தளை விசில். முன்பல் போனதிலிருந்து வாயால் விசில் வருவதில்லை. உன் அம்மா தடுக்கவில்லை. "போன உசுரு வரலன்னா நீங்களும் வராதீங்க" என்று அனுப்புகிறாள்.

அப்பா

*

பொக்காரா,
கார்த்திக் 19

அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் போய்ச் சேரும்போது நீங்கள் எந்த மலையில் இருப்பீர்களோ. திரும்பி வந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா, "போடட்டுமா?" என்று ஒரே வார்த்தை! நான் குளித்துக்கொண்டுதானே இருந்தேன், காசிக்கா போயிருந்தேன்? கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் ஏழு வருடமாக என் வேலையைத் திட்டிய மனிதர், காஞ்சாவை நம் வீட்டு வாய்களில் ஒன்றாக எண்ணியிருக்கிறார். முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

பவித்ரா அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன், காலைப் பிடித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு, "ஒங்கப்பா தப்பு பண்ணிட்டு சுபேதாரு மாதிரி எழுதுறாரு. நீ தப்பு பண்ணிட்டு அதிகாரி மாதிரி கத்துன" என்றார். எனக்கு நன்றாக வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து தராசைத் துடைத்தார். வெறும் தராசு.

தினமும் பறந்து விசில் அடிக்கிறேன். அறுபத்தெட்டு வயதில் கூடையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். பறவை கிடைக்காவிட்டாலும் நீங்கள் திரும்பி வாருங்கள். உரிமம் இல்லாமல் வாழ்ந்துவிடலாம்.

ஜஸ்மாயா

*

லாம்தூங்,
மங்சிர் 3

மகள் ஜஸ்மாயாவுக்கு,

பறவை என் வசம் உள்ளது. உயிரோடு உள்ளது. நலம்.

இப்போது விவரம். கழுகைத் தேட வானத்தைப் பார்ப்பவன் முட்டாள். தரையில் கேட்க வேண்டும். மலைப்பாதையில் கோவேறு கழுதை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாத செய்தி கிடையாது. எந்த ஊரில் எருமை செத்தது, எந்தப் பள்ளத்தில் தள்ளினார்கள் என்று விசாரித்துக்கொண்டே மர்தி ஆற்றோரமாக மேலே போனேன். பதினேழு நாள். ஆறு பள்ளம் இறங்கினேன். ஒவ்வொன்றிலும் கழுகுகள் இருந்தன, நம்முடையவன் இல்லை. நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன், உன் அம்மா இந்தக் கம்பளியை வீட்டுக்குள் விடவில்லை.

ஏழாவது பள்ளத்தில் பார்த்தேன். பெரிய கழுகுகள் எருமையைச் சுற்றிச் சண்டை. தள்ளி ஒரு பாறையில் வெள்ளையாக, மஞ்சள் மூஞ்சியோடு, காலில் நீ கட்டிய தோல் வாரோடு ஒருவன். புது மருமகன் பந்தியில் இடம் கேட்க வெட்கப்படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தான். பித்தளை விசிலை எடுத்து ஊதினேன். இரண்டு நீட்டல், ஒரு குறுக்கல். எல்லாக் கழுகும் பறந்துபோயின, அவனும்தான்.

பிறகு விசிலைப் பையில் போட்டேன். கம்பளியைக் கையில் சுற்றி, ஈரலை வைத்துக்கொண்டு, "காஞ்சா, டேய் காஞ்சா" என்று கூப்பிட்டேன். கால் மணி நேரம் கூப்பிட்டேன். வந்து இறங்கினான். பறந்து கைக்கு வரவில்லை, நடந்து வந்தான். கோழி மாதிரி நடந்து வந்து என் பூட்ஸைக் கொத்தினான். நான் கீழே உட்கார்ந்து அழுதேன். பார்க்க யாரும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எருமைக்காரனைத் தேடிப் பிடித்து ஊசி போட்டதா என்று கேட்டேன். "நோயும் இல்ல, ஊசியும் இல்ல. புல்லுக்கு எட்டிப் பாறையில வழுக்கிருச்சு" என்றான். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனிக் கேள். கூடையில் அவனை வைத்து முதுகில் சுமந்துகொண்டு நேற்று நம் ஊருக்குள் வந்தேன். டீக்கடை வழியாகத்தான் வர வேண்டும். பழைய பட்டாளத்துக்காரர்கள் அத்தனை பேரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கூடைக்குள்ளிருந்து வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. ஹவில்தார் பகல்மான் கேட்டான், "என்ன சுபேதார் சாப், பேங்க் மேனேஜரக் கூடையில தூக்கிட்டு வர்றீங்க?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். இவர்களுக்கு எல்லாம் தெரியுமாம். ஐந்து வருடமாகத் தெரியுமாம். "ஒங்க மானத்துக்காகக் கேக்காம இருந்தோம். எங்க பேரன் போயி அவகூடப் பறந்துட்டே வந்துட்டான்" என்கிறான். நான் கூடையை இறக்கினேன். "வங்கின்னு சொன்னது பொய். என் பொண்ணு கழுகோட பறக்கிறவ. இவன் அவளோட கூட்டாளி. இவனுக்கு வழி விடுங்க" என்றேன். விட்டார்கள். பகல்மான் தன் தட்டில் இருந்த கறித்துண்டை எடுத்துக் காஞ்சாவுக்கு நீட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். "அவன் எடையில இருக்கான்" என்று சொன்னேன்.

6-ஆம் தேதி பொக்காரா வருகிறேன். இதைக் கொண்டுவரும் கழுதைக்காரருக்கு டீ வாங்கிக் கொடு.

அப்பா

*

பொக்காரா,
மங்சிர் 11

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

முதலில் சண்டை. பதினேழு நாள் மலையெல்லாம் அலைந்தவர், காஞ்சாவை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு வாய்த் தண்ணீர் குடித்துத் திரும்பிப் போவாரா? இன்னும் நான்கு நாள் இருந்து பரீட்சையைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "இருந்தா மறுபடியும் தீனி போட்டுருவேன், என் கைய எனக்கே நம்பிக்கையில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். பவித்ரா அக்காவுக்கு மட்டும் கைகூப்பினீர்கள். அவர் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நேற்றைய கதை.

நான்கு நாளில் அக்கா காஞ்சாவை ஆயிரத்து எண்ணூற்றுப் பத்துக்குக் கொண்டுவந்தார். அர்யால் ஐயா வந்ததும் சட்டைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். "இருவத்தாறு வருஷ சர்வீஸ்ல, தப்ப ஒத்துக்கிட்டு எனக்கு யாரும் எழுதினதில்ல. ஆனா பறவ வரலன்னா இந்தக் கடுதாசி உனக்கு உதவாது, தெரிஞ்சுக்கோ" என்றார்.

காற்று அன்று போல் இல்லை, முரட்டுக் காற்று. குதித்த உடனேயே கீழே இழுத்தது. காஞ்சா இடது பக்கம் சரிந்தான், நான் அவனை நம்பித் திருப்பினேன். தூக்கியது. கீழே பொக்காரா ஏரி சின்னதாகிவிட்டது. அப்போது வடக்கிலிருந்து பெரிய கழுகுக் கூட்டம் ஒன்று வந்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். காஞ்சா அவற்றோடு கலந்தான். ஒரு மாதம் அவற்றோடு தின்றவன் அல்லவா? எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. உதடு ஈரமில்லாமல் விசில் வராது அப்பா. அர்யால் ஐயா திரும்பிப் பார்த்து, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று கேட்டார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு அடித்தேன். இரண்டு நீட்டல், ஒரு குறுக்கல்.

கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. அதிலிருந்து ஒரே ஒருவன் திரும்பினான். அவசரமே இல்லை. எங்கள் பின்னால் வந்தான், பக்கத்தில் வந்தான், இறக்கையை நிமிர்த்திக் காலை நீட்டி அந்தக் கையில் இறங்கினான். அர்யால் ஐயா மூச்சு விடவில்லை. காஞ்சா தின்று முடித்து, அவர் மூக்குக்கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். "இன்னொரு தடவ கூப்பிடு" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி. ஐந்து தடவை கூப்பிட்டேன், ஐந்து தடவையும் வந்தான்.

தரையிறங்கி ஏரிக்கரையிலேயே கையெழுத்துப் போட்டார். உரிமம் என் பெயரில். நான் இதைப் பணிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. பெருமையாக இருக்கிறது அப்பா. நெஞ்சு கொள்ளவில்லை. நீங்கள் பார்க்கவில்லையே என்பது ஒன்றுதான் குறை.

உங்கள் மகள்
ஜஸ்மாயா

*

லாம்தூங்,
மங்சிர் 18

என் மகள் ஜஸ்மாயாவுக்கு,

கடிதத்தை உன் அம்மாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். கழுகுக் கூட்டம் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். முடிவு தெரிந்த பிறகும்.

ஒரு குற்றத்தை மறைத்து ஏற்கனவே பட்டவன் நான். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். 6-ஆம் தேதி நான் ஊருக்குப் போகவில்லை. பஸ் நிலையம் வரை போனேன், கால் ஏறவில்லை. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் தங்கும் விடுதியில் நான்கு நாள் இருந்தேன். 10-ஆம் தேதி விடியும்போதே சாரங்கோட் ஏறிவிட்டேன். நீங்கள் குதிக்கும் சரிவுக்கு மேலே டீ விற்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால், காதுவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். பாக்கெட்டில் தீனி எதுவும் இல்லை. கடைக்காரரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டே நின்றேன்.

நீ ஓடினாய். தரை முடிந்தும் ஓடினாய். நான் என்னை அறியாமல் "ஏய்!" என்று கத்திவிட்டேன். பிறகு நீ மேலே போனாய். இத்தனை வருடம் இதைத்தான் 'காற்றில் தொங்குகிற வேலை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தொங்கவில்லை நீ. காஞ்சா போன வழியே நீ போனாய், நீ திரும்பியபோது அவன் பார்த்துத் திரும்பினான். யார் யாரை ஓட்டுகிறார்கள் என்று எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உன் விசில் எனக்குக் கேட்கவில்லை, என் காது அப்படி. பக்கத்தில் நின்ற ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் நீ அடித்தது தெரிந்தது. கழுகுக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. ஒருவன் திரும்பினான். உன்னிடம் வந்தான். சுற்றி எல்லோரும் கை தட்டியதைப் பார்த்தேன். என் கை தட்டவில்லை. நெற்றிக்குப் போய்விட்டது. முதுகு நிமிர்ந்து, குதிகால் சேர்ந்து, நான் சல்யூட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்திலிருந்தவர் என் காதருகே வந்து, "யாருக்குப் பெரியவரே சல்யூட்டு? மேல மந்திரியா பறக்கிறாரு?" என்று கேட்டார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளுக்கு அடித்திருக்கிறேன். எல்லாம் கட்டளைக்கு அடித்தது. "என் மகளுக்கு" என்றேன். நீ கரையில் இறங்கும்வரை கையை இறக்கவில்லை.

உன் அப்பா
நர்ஜங் குருங்